அடிமனை ஊருக்கு, வீடு உங்களுக்கு: தோட்டத்தோடு ஒரு சொந்த வீடு

1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசு, தலைநகர் மேடிசனின் வடபகுதியில் இருந்த ஒரு நிலத்தை "இனித் தேவையில்லை, விற்றுவிடலாம்" என்ற பட்டியலில் சேர்த்தது. அரசு மனநல மருத்துவமனையை ஒட்டிக் கிடந்த இடம் அது. அரசுக் கணக்கில் காலி நிலம். ஆனால் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது காலி நிலம் இல்லை. 1980களின் தொடக்கத்திலிருந்தே அவர்கள் அங்கே பாத்தி கட்டித் தக்காளியும் பீன்ஸும் போட்டுவந்தார்கள். காலை நடை அங்கேதான், பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் அங்கேதான். பட்டாவில் ஒருவர் பெயரும் இல்லை. மண்ணில் மட்டும் எல்லாருடைய கையும் பட்டிருந்தது.

இப்படி ஒரு செய்தி வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? "எங்கள் பசுமையைத் தொடாதே" என்று அக்கம்பக்கத்தார் ஒரு பக்கம் கொடி பிடிப்பார்கள். "வீடில்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது உங்களுக்குத் தோட்டம் கேட்கிறதா" என்று இன்னொரு பக்கம் கேட்பார்கள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கட்டுமான நிறுவனம் வந்து நிலத்தை வாங்கிக்கொண்டு போகும். மேடிசனின் வடபகுதி மக்கள் அப்படிச் செய்யவில்லை. வீடும் வேண்டும், தோட்டமும் வேண்டும், இரண்டும் எங்கள் வருமானத்துக்கு எட்ட வேண்டும் என்றார்கள். அது வெறும் ஆசையாக நின்றுவிடாமல் 31 ஏக்கரில் நிஜமாக எழுந்தது. இன்று அதற்கு டிராய் கார்டன்ஸ் என்று பெயர்.

அது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள, அதற்குப் பின்னால் உள்ள ஏற்பாட்டை முதலில் பார்க்க வேண்டும். அதற்குச் சமூக நில அறக்கட்டளை என்று பெயர். அமெரிக்காவில் கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட் என்பார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ சட்டப் புத்தகச் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் ஸ்ரீரங்கத்திலோ கும்பகோணத்திலோ வளர்ந்தவருக்கு அதன் பாதி ஏற்கெனவே தெரியும்.

எங்கள் தாத்தா வீடு கோயில் அடிமனையில் இருந்தது. கீழே இருக்கும் மண் கோயிலுக்கு. மேலே எழுப்பிய சுவர், ஓடு, திண்ணை எல்லாம் தாத்தாவுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை தரைவாடகை கட்டி ரசீது வாங்கி வருவார். அந்த ரசீதுகளைக் கம்பியில் குத்திச் சுவரில் மாட்டியிருப்பார். வீட்டை விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், மாடி எடுக்கலாம். மண்ணை மட்டும் விற்க முடியாது. சிறுவயதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. நிற்கிற தரை நம்முடையது இல்லை, வீடு மட்டும் நம்முடையது என்றால் எப்படி?

சமூக நில அறக்கட்டளையின் அஸ்திவாரமும் இதேதான். அடிமனை ஒருவரிடம், கட்டடம் இன்னொருவரிடம். கோயில் இருக்கும் இடத்தில் இங்கே ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் இலாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது. அது நிலத்தை வாங்கும், ஆனால் என்றைக்கும் விற்காது. அதன் மேல் உள்ள வீட்டை, சொந்த வீடு வாங்க வசதி போதாத குடும்பத்துக்கு விற்கும். நிலத்துக்குக் குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும். பெரும்பாலும் 99 வருடக் குத்தகை. முடிந்தால் புதுப்பிக்கலாம், வாரிசுகளுக்கும் போகும். தரைவாடகை மிகக் கொஞ்சம்.

வீட்டின் விலையில் பெரும்பங்கு, அதிலும் நகரங்களில், செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் ஆவது இல்லை. நிலத்துக்கு ஆவது. அந்த நிலத்தின் விலையை வாங்குபவரின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வங்கிக் கடன் கைக்குள் வந்துவிடுகிறது. அரசு மானியமோ நன்கொடையோ வந்தால் அதுவும் இந்த நிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, இதுவரை புரிந்திருக்கும். இனி வருவதுதான் அடிமனையிலிருந்து இது விலகுகிற இடம்.

விற்கும்போது என்ன ஆகும்

சாதாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்கு மானியம் கொடுத்து வீடு வாங்க வைத்தால், பத்து வருடம் கழித்து அவர்கள் அதைச் சந்தை விலைக்கு விற்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு நல்லது. ஆனால் மானியம் அவர்களோடு போய்விடும். வீடும் எட்டாத விலைக்குப் போய்விடும். அடுத்த ஏழைக் குடும்பத்துக்கு அரசு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் ஏறிய விலையில்.

அறக்கட்டளை இதை மறுவிற்பனை விதி ஒன்றால் தடுக்கிறது. குத்தகைப் பத்திரத்திலேயே அந்த விதி எழுதப்பட்டிருக்கும். ஊருக்கு ஊர் விதி மாறும். வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கிய அறக்கட்டளை எளிமையான ஒரு கணக்கு வைத்திருக்கிறது: விலை எவ்வளவு ஏறியதோ அதில் 25 சதவீதம் வீட்டுக்காரருக்கு. இந்த அறக்கட்டளையைத் தொடங்க நகராட்சி 2,00,000 டாலர் கொடுத்தது. அப்போது மேயராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்க அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் சந்தை மதிப்பு 2,00,000 டாலர். மானியம் போக, ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அதை 1,50,000 டாலருக்கு வாங்குகிறார். பத்து வருடத்தில் மதிப்பு 2,60,000 ஆகிறது. ஏறியது 60,000. அதில் 25 சதவீதம், அதாவது 15,000 டாலர் அவருக்கு. ஆக அவர் 1,65,000 டாலருக்கு விற்கிறார். போட்ட முன்பணம், தவணையில் அடைத்த அசல், அதற்கு மேல் இந்த 15,000 எல்லாம் அவர் கையில். வாங்க வரும் செவிலியருக்கு 2,60,000 மதிப்புள்ள வீடு 1,65,000க்குக் கிடைக்கிறது. முதலில் சந்தை விலைக்கும் வாங்கிய விலைக்கும் இருந்த இடைவெளி 50,000. இப்போது அது 95,000. இதற்காக யாரும் புதிதாக ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை.

இந்தக் கணக்கை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது நான் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். ஒருமுறை கொடுத்த மானியம் வீட்டோடு தங்கிவிடுகிறது. குடும்பங்கள் வந்து போகின்றன, அது மட்டும் அங்கேயே இருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

வாங்கியவர் பெயருக்குத்தான் சொந்தக்காரர், உண்மையில் வாடகைக்காரர் மாதிரிதானே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. வாடகைக்காரரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம், வாடகையை ஏற்றலாம். இங்கே தவணை அடைத்துக்கொண்டு, தாமே அங்கு குடியிருந்து, பத்திர விதிகளை மதிக்கும்வரை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. சுவருக்கு எந்த நிறம் அடிப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டை வாங்கிப் பூட்டிப் போடவோ, வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவோ பொதுவாக அனுமதி கிடையாது.

இன்னொன்று, கஷ்டகாலத்தில் அறக்கட்டளை பக்கத்தில் நிற்கிறது. வீட்டுக்காரர் தவணை தவறினால் வங்கி அறக்கட்டளைக்கும் தகவல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கும். அவர்கள் உடனே வந்து பேசுவார்கள், தேவைப்பட்டால் தலையிடுவார்கள். 2008இல் அமெரிக்க வீட்டுச்சந்தை சரிந்து இலட்சக்கணக்கான வீடுகள் ஜப்திக்குப் போன காலத்தில் இதன் பலன் தெரிந்தது. 2010 இறுதியில், சந்தையில் வாங்கியவர்களின் வீட்டுக்கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீட்டுக்காரர்களின் கடன்களில் அது 0.46 சதவீதம். ஒப்பிட்டால் இவர்கள் வசதி குறைந்தவர்கள். வங்கிகள் "ஆபத்தானவர்கள்" என்று ஒதுக்குகிற ஆட்கள்.

தோட்டம் ஏன் இதே பத்திரத்துக்குள் வர வேண்டும்

வீட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதி விஷயம்தான் வெளியே வரும். எனக்கு இதில் ஆர்வம் வந்ததே தோட்டத்தால்தான்.

ஒரு தெருவில் குப்பைமேட்டை ஊர்க்காரர்கள் சேர்ந்து சுத்தம் செய்து தோட்டமாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் வருகிறது, பறவை வருகிறது, மாலையில் பெரியவர்கள் வந்து உட்காருகிறார்கள். அப்புறம் வீடு தேடி வருகிறவர்களும் வருகிறார்கள். "பக்கத்திலேயே பூங்கா" என்று விளம்பரம் வருகிறது. வாடகை ஏறுகிறது. மண்வெட்டி பிடித்தவர் மூன்று வருடத்தில் ஊர்க்கோடிக்குக் குடி போகிறார். அவர் வைத்த மரத்தின் நிழலில் வேறு யாரோ உட்காருகிறார்கள். நியூயார்க்கில் கைவிடப்பட்ட ரயில் பாலத்தின் மேல் 2009இல் ஹை லைன் என்ற பூங்கா திறந்தது. அழகான பூங்கா. அதைச் சுற்றியுள்ள வீட்டு விலை எப்படி எகிறியது என்பது நகரத் திட்டமிடுபவர்கள் எல்லோருக்கும் பாடமாகிவிட்டது.

அந்தப் பாடத்தைப் படித்தவர்களில் வாஷிங்டன் நகரத்தார் உண்டு. அனகோஸ்டியா ஆற்றின் மேல் ஒரு பாலப் பூங்கா கட்டத் திட்டமிட்டவர்கள், பூங்காவுக்கு முன்பே ஆற்றின் கிழக்குக் கரையில் வாழும் மக்களுக்காக ஒரு நில அறக்கட்டளை உருவாகக் காரணமாக இருந்தார்கள். அதன் பெயர் டக்ளஸ் கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட். மரம் வைப்பதற்கு முன்னால் மனிதர்களுக்கு வேர் பிடிக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆக, வீட்டுக்குத் தோட்டம் ஓர் அலங்காரம் இல்லை. அடிமனை பாதுகாக்கப்படாத இடத்தில் தோட்டமே குடியிருப்பவரைத் துரத்தும். அடிமனை பாதுகாக்கப்பட்ட இடத்தில் அதே தோட்டம் அவருக்குச் சோறு போடும்.

மீண்டும் மேடிசனுக்கு வருவோம். அங்கே 1991 முதல் ஒரு நில அறக்கட்டளை இருந்தது. தோட்டம் போட்டவர்கள், அக்கம்பக்கத்தார், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பசுமை நிலம் காக்கும் ஓர் அமைப்பு ஆகியோர் அதோடு சேர்ந்தார்கள். வருடக்கணக்கில் கூட்டம் போட்டார்கள், வரைபடம் வரைந்தார்கள், அரசோடு பேசினார்கள். 2001இல் மொத்தம் 31 ஏக்கரும் அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். வீடுகளை நிலம் முழுக்கப் பரப்பவில்லை. மனை போட்டு விற்பவர் 31 ஏக்கரைப் பார்த்தால் கையில் முதலில் எடுப்பது அளவுநாடா. எத்தனை பிளாட் தேறும் என்று கணக்குப் பார்த்து, கடைசியில் மூலையில் மிஞ்சிய முக்கோணத் துண்டைப் "பூங்கா" என்று எழுதிவைப்பார். இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். 5 ஏக்கரில் வீடுகளை நெருக்கி வைத்தார்கள். மீதி 26 ஏக்கர் பசுமைக்கு.

அந்த 26 ஏக்கரையும் வெறும் வாக்குறுதியாக விடவில்லை. "இங்கே இனி எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது" என்று கட்டும் உரிமையையே விட்டுக்கொடுக்கும் பத்திரம் ஒன்றை எழுதி, பசுமை நிலம் காக்கும் அந்த அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். நாளைக்கு அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கே ஆசை வந்து "ஓர் ஓரத்தில் நாலு வீடு கட்டினால் என்ன" என்று கேட்டாலும், இரண்டாவது அமைப்பு குறுக்கே நிற்கும். பூட்டு ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். இந்த மாதிரிப் பத்திரத்துக்கு விலையும் உண்டு. கட்டும் உரிமையை விட்டுக்கொடுத்ததற்காகக் கிடைத்த பணம், நிலம் வாங்கும் செலவுக்கு உதவியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

வீடுகள் மொத்தம் 30. 2007இல் முடிந்தன. அதில் 20 வீடுகள், அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் சம்பாதிப்பவர்களுக்கு. இடைநிலை வருமானம் என்றால், எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிற்க வைத்து நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. மீதி 10 வீடுகள் சந்தை விலைக்கு. வெளியே எழுதிப்போட்டு "இது ஏழைகள் பகுதி" என்று முத்திரை குத்தாமல், எல்லோரும் கலந்து இருக்கிறார்கள். இந்த 30 குடும்பங்களும் கூட்டாகவே குடியிருப்பின் பொது வேலைகளைப் பார்த்துக்கொள்கின்றன.

வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் பொதுத்தோட்டம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் போடுகிற பாத்திகள் முந்நூற்றுக்கும் மேல். அந்த 30 வீட்டுக்காரர்களுக்கு மட்டுமான தோட்டம் இல்லை இது, சுற்றுவட்டாரம் முழுவதற்கும். பாத்தி வைத்திருப்பவர்களில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து விஸ்கான்சினில் குடியேறிய ஹ்மாங் குடும்பங்களும் உண்டு. மலைச்சரிவில் விவசாயம் செய்து பழகிய கைகள் அவை. அடுக்குமாடி வாடகை வீட்டில் முடங்கிய அந்தக் கைகளுக்கு ஒரு பாத்தி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஊரை விட்டு வந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்கு அப்பால் 5 ஏக்கர் அளவில் ஒரு பண்ணை. பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிட்டு, வாராவாரம் விளைவதில் பங்கு வாங்கிக்கொள்ளும் முறையில் அது நடந்துவந்தது. விதை வாங்க விவசாயி கடனுக்கு அலைய வேண்டாம். மழை பொய்த்தால் நஷ்டமும் எல்லாருக்கும். பிள்ளைகளுக்குத் தனியே ஒரு தோட்டம். மீதியில், ஐரோப்பியர் வந்து உழுவதற்கு முன் அந்தப் பகுதியில் இருந்த புல்வெளியை மறுபடி வளர்த்தெடுத்தார்கள். ஒரு சின்ன மேப்பிள் காடும் உண்டு. மேடிசனில் குளிர்காலம் கொடூரமானது, பக்கத்து மெண்டோட்டா ஏரி மனிதர் நடக்கும் அளவுக்கு உறைந்துவிடும். பாத்தியில் வேலை என்பது சில மாதங்கள்தான். அந்தச் சில மாதங்களுக்காக மீதி மாதங்கள் காத்திருப்பதும் அங்குள்ளவர்களுக்கு ஒரு பழக்கம்.

1995இல் தொடங்கிய பேச்சு 2007இல் முடிந்தது. 30 வீட்டுக்குப் பன்னிரண்டு வருடம். இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் வீடு வேண்டிய நகரத்துக்கு இது மட்டும் போதாது.

பாஸ்டனில் நடந்தது வேறு மாதிரி

மேடிசனில் பசுமை ஏற்கெனவே இருந்தது, காப்பாற்ற வேண்டியிருந்தது. பாஸ்டனின் டட்லி தெருவில் எதுவுமே மிச்சம் இல்லை. கருப்பின மக்களும், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்களும், லத்தீன் அமெரிக்கர்களும் அதிகம் வாழ்ந்த அந்தப் பகுதிக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. காப்பீட்டுப் பணத்துக்காக வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள் வெறிச்சோடிக் கிடந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து லாரிகள் வந்து இரவோடு இரவாகக் குப்பை கொட்டிவிட்டுப் போயின.

1985இல் உதவ வந்த தொண்டு நிறுவனங்கள் ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டு, பகுதியை மீட்க அமைக்கப்போகும் நிர்வாகக் குழுவின் திட்டத்தை வாசித்தன. குழுவில் பெரும்பாலும் நிறுவனங்களின் ஆட்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு ஒருசில இடங்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து, உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அப்புறம் திட்டம் மாறியது. குடியிருப்பவர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அங்கே வாழ்ந்த வெள்ளையரையும் சேர்த்து நான்கு இனத்தவருக்கும் சம எண்ணிக்கையில் இடம், யார் கூட யார் குறைச்சல் என்ற பேச்சே வேண்டாம் என்று. டட்லி தெரு அக்கம்பக்க முயற்சி என்ற அந்த அமைப்பு முதலில் செய்த வேலை குப்பை லாரிகளை நிறுத்தியது.

அப்புறம் வந்ததுதான் அமெரிக்காவில் அதுவரை யாரும் பார்த்திராதது. காலி மனைகள் சதுரங்கக் கட்டம் மாதிரி கிடந்தன. ஒரு துண்டு மாநகராட்சிக்கு, அடுத்தது எங்கோ இருக்கும் தனியாருக்கு. எல்லாவற்றையும் சேர்த்தால்தான் எதையாவது கட்ட முடியும். நில எடுப்பு என்றாலே அரசு வந்து ஏழையின் நிலத்தை எடுப்பது என்றுதான் நமக்குப் பழக்கம். 1988இல் பாஸ்டன் நகரம் அந்த நில எடுப்பு அதிகாரத்தை, காலி மனைகளுக்கு மட்டும், இந்த மக்கள் அமைப்பின் நில அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இன்று அந்த அறக்கட்டளையின் மண்ணில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. கூடவே பூங்கா, விளையாட்டிடம், நகர்ப்புறப் பண்ணைகள், பொதுமக்கள் கூடும் ஒரு திடல். பழைய கார் பட்டறை இருந்த இடத்தில் 2004இல் 10,000 சதுர அடியில் ஒரு பசுமைக்குடில் எழுந்தது. அதில் ஒரு பாதி விற்பனைக்கு விளைவிக்க, மறு பாதி அக்கம்பக்கத்தார் பாத்தி போட. அந்தப் பகுதியின் பழைய மண்ணில் பெயின்ட்டிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் இறங்கிய ஈயம் இருக்கிறது. அதனால் வீட்டுக் கொல்லைகளில் பலகையால் மேடை கட்டி, புது மண் கொட்டிக் கீரை வளர்க்கிறார்கள். தோட்டம் போடுவது என்றால் விதை தூவுவது மட்டும் இல்லை, கெட்டுப்போன மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதும்தான்.

நிர்வாகம் யார் கையில் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வழக்கமான அறக்கட்டளைகளில் குழு மூன்று பங்காக இருக்கும். ஒரு பங்கு அறக்கட்டளை மண்ணில் குடியிருப்பவர்கள், ஒரு பங்கு சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள், ஒரு பங்கு பொதுநலன் சார்ந்து பேசக்கூடிய மற்றவர்கள். ஏன் அப்படி? வீட்டுக்காரர்கள் மட்டும் இருந்தால் மறுவிற்பனை விதியைத் தளர்த்திக்கொள்ள மனம் சபலப்படும். வெளியாட்கள் மட்டும் இருந்தால் அந்தத் தேவாலயக் கூட்டத்தில் நடந்ததுதான் நடக்கும்.

ஒரு நியாயமான எதிர்ப்பு

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை என்னால் தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்காவில் கருப்பினக் குடும்பங்களுக்குத் தலைமுறைகளாக வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. வெள்ளையர் குடும்பங்கள் வீட்டு விலை ஏறி ஏறியே சொத்துச் சேர்த்தன. இப்போது எங்கள் முறை வரும்போது மட்டும் "ஏறியதில் கால் பங்குதான் உனக்கு" என்கிறீர்களே என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கும் வலி உண்மையானது.

என் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், அறக்கட்டளையின் பக்கம்தான். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு இருந்த மாற்று, சந்தை வீடு இல்லை, வாடகை வீடு. வாடகை கட்டியவருக்குப் பத்து வருடம் கழித்து ரசீதுதான் மிஞ்சும். இவருக்கு அடைத்த அசலும் ஒரு பங்கு இலாபமும் மிஞ்சுகிறது. பர்லிங்டனில் அறக்கட்டளை வீட்டை விற்றுப் போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அடுத்து சந்தையிலேயே சொந்த வீடு வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் வீடு வாங்குகிறவரிடம் இந்தக் கணக்கை முதல் நாளே பட்டவர்த்தனமாகச் சொல்ல வேண்டும். விற்கும் நாளில் தெரிந்துகொண்டால் அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பூதானத்திலிருந்து ஜார்ஜியாவுக்கு

இந்த யோசனையின் வேர்களில் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற தலித் குடும்பங்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் கேட்டார்கள். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். பூதானம் அங்கே பிறந்தது. ஆனால் தனித்தனி ஆளுக்குக் கொடுத்த நிலம் கடனிலும் கஷ்டத்திலும் கைமாறிவிடும் அபாயம் இருந்தது. அதனால் கிராமதானம் வந்தது. நிலத்தின் உரிமை கிராமத்தின் பெயரில், உழுவது குடும்பங்கள். அடிமனைக் கணக்கு மறுபடியும்.

இதைக் கவனித்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களில் ரால்ஃப் போர்சோடியும் ராபர்ட் ஸ்வானும் முக்கியமானவர்கள். ஸ்வான், ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் சிவில் உரிமைப் போராட்டத்தில் இருந்த ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் ஆகியோரோடு சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஓட்டுரிமைக்காகப் பதிவு செய்த கருப்பின விவசாயக் குடும்பங்களை நில உடைமையாளர்கள் இரவோடு இரவாக வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். நிற்க ஓர் இடம் இருந்தால்தான் உரிமை பேச முடியும் என்று கிங்குக்கும் ஷெராடுக்கும் தெரிந்திருந்தது. 1969இல் நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பு தொடங்கி, அதன் பெயரில் சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். அன்றைக்கு நாட்டிலேயே கருப்பினத்தவர் கையில் இருந்த மிகப் பெரிய நிலப்பரப்பு அது. முதல் சமூக நில அறக்கட்டளை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அது நிலைக்கவில்லை. நிலத்தின் மேலேயே பெரிய கடன் இருந்தது. வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன், அரசின் விவசாயக் கடன் அலுவலகத்திலிருந்து இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1985இல் மொத்த நிலமும் போனது. இன்றைய அறக்கட்டளைகளில் வீட்டையும் குத்தகை உரிமையையும் வங்கியில் அடமானம் வைக்கலாம், அடிமனையைப் பொதுவாக அதோடு சேர்ப்பதில்லை. வீட்டுக்காரர் கடனில் சிக்கினாலும் ஊரின் மண் ஏலத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக.

ஜார்ஜியாக்காரர்கள் விடவில்லை. கருப்பின விவசாயிகளுக்குக் கடனில் இழைக்கப்பட்ட பாகுபாட்டுக்கு எதிரான வழக்கில் 2009இல் அவர்களுக்கு 12 மில்லியன் டாலர் இழப்பீடு கிடைத்தது. சார்லஸ் ஷெராடும் அவர் மனைவி ஷெர்லி ஷெராடும் மற்றவர்களும் ஆல்பனிக்குப் பக்கத்தில் மறுபடி நிலம் தேடினார்கள். 2011இல் 1,600 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். உள்நாட்டுப் போருக்கு முன் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பெரும் பணக்காரர் ஒருவரின் தோட்டமாக இருந்த இடம் அது. அங்கே இப்போது ஒரு பீக்கன் தோப்பு இருக்கிறது. பத்திரம் நியூ கம்யூனிட்டீஸ் பெயரில் இருக்கிறது.